பண்டகசாலையில் ஓவியம், லயத்துச் சுவரில் கட்சிக் கொடி

ஃபோர்ட் கொச்சியில் கடலை ஒட்டி நிற்கும் ஆஸ்பின்வால் மாளிகை, 1867இல் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் வளாகம். ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகரின் அந்த நிறுவனம் மிளகு, மரம், தேங்காய் எண்ணெய், இஞ்சி, மஞ்சள் என்று கப்பலேற்றத் தொடங்கி, பின்னாளில் கயிறு, காபி, தேயிலை, ரப்பர் வரை போனது. 2012 டிசம்பர் 12 அன்று அந்தக் கிடங்குகளில் கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சி தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்கள் முன்னின்று நடத்திய அந்தக் கண்காட்சிதான் இந்தியாவின் முதல் பன்னாட்டுச் சமகாலக் கலைப் பினாலே. அருகிலுள்ள பெப்பர் ஹவுஸ், மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகள், எர்ணாகுளத்தின் தர்பார் ஹால் எல்லாம் அதன் பதிப்புகளில் காட்சிக்கூடங்களாயின.

இந்தக் கட்டிடங்களின் பழைய சரக்குப் பட்டியலில் பெரும்பகுதி மலையில் விளைந்தது. பினாலே பற்றி எழுதும் எல்லோரும் கடல் வணிகத்தையும் முசிறி என்ற பழைய துறைமுகத்தையும் பேசுகிறார்கள். மலையைப் பேசுவோர் குறைவு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் இருக்கும் மாட்டுப்பட்டியிலிருந்து அதே கிடங்குகளைப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. மலைச்சரக்கை அடுக்கியிருந்த அறைகளில் இன்று கலையை வைக்கிறோம். அந்தச் சரக்கை உண்டாக்கியவர்கள் இந்தக் கலையில் எங்கே இருக்கிறார்கள்? வரையப்படும் முகமாகவா, வரையும் கையாகவா?

இன்று மாட்டுப்பட்டியை அணைக்கட்டுக்காகவும் படகுச் சவாரிக்காகவும் மாட்டுப்பண்ணைக்காகவும் அறிவார்கள். அணை 1950களின் தொடக்கத்தில் முடிந்தது. 1963இல் தொடங்கிய இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டத்தின் களமும் இதுவே. இவற்றுக்கெல்லாம் முன்பு மாட்டுப்பட்டி ஒரு ரயில் நிலையம். 1902இல் இந்தப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அதன் இடத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் வந்தது. மூணாற்றில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டியைக் கடந்து டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகே ஆலுவாய் பக்கம் இறங்கும் சாலை முக்கியமானது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும் மலையின் வாசல் கொச்சியை நோக்கித் திரும்பிவிட்டது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியது.

சரக்கின் வழி திரும்பிவிட்டது. மனிதர்களின் வேர் திரும்பவில்லை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகளோடு மலையேறியவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்றும் லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வசிக்கிறது. ஊர்த் திருவிழா தெற்கே, ரேஷன் அட்டை கேரளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில் என்ற வாழ்க்கை அது. மூணாறு அடங்கிய தேவிகுளம் தொகுதியிலிருந்து 2021இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான ஆ. ராஜா திருவனந்தபுரத்தில் தமிழில் பதவியேற்றார். அரசியலில் இந்த மக்களின் மொழிக்கு ஓரளவு இடம் உண்டு. கலைக்கூடத்தில் என்ன இடம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பினாலேயின் சிறந்த தருணங்கள் பல, பண்டகசாலை என்ற இடத்தை உணர்ந்து செய்யப்பட்டவை. 2014இல் ஜிதிஷ் கல்லாட் பொறுப்பாளராக இருந்த இரண்டாம் பதிப்பில், திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் பணியாற்றும் பெனித்தா பெர்சியாள் பெப்பர் ஹவுஸில் சிற்பங்கள் வைத்தார். சாம்பிராணி, பிசின், பட்டை, கிராம்பு போன்ற நறுமணப் பொருள்களை அரைத்துக் குழைத்து அச்சில் வார்த்த உருவங்கள் அவை. மிளகு மணத்த கிடங்கில் மறுபடி மணம் எழுந்தது. கை, முகம், உடைந்த உடல் எல்லாம் மலைச்சரக்கால் ஆனவை. கிறித்தவத்தின் பழைய வருகையை அந்தப் படைப்பு பேசியது என்று சொல்வார்கள். கிடங்குக்குள் வந்த பொருளுக்கு மனித உடலைத் திருப்பிக் கொடுத்த படைப்பு என்பது என் வாசிப்பு. தமிழ் ஓவிய உலகம் அதை இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

முதல் பதிப்பில் கே. பி. ரெஜி வரைந்த 'தூம்பிங்கல் சாத்தன்' இன்னொரு வகை. வயல்வரப்பு உடைந்தபோது தன் உடலையே அணையாகக் கிடத்தி உயிர்விட்ட அடிமைத் தொழிலாளி சாத்தனின் கதை, பெரிய திரைச்சீலையில். பின்னணியில் போர்க்கப்பல், முன்னால் வயல், குழந்தைகள். நாட்டார் நினைவில் மட்டும் இருந்த ஒரு புலையர் மரணத்தை உலகப் பார்வையாளர் வரும் அறையின் மையத்தில் ரெஜி நிறுத்தினார். உழைப்பவரை அழகுப் பொருளாக்காமல் வரைவது எப்படி என்பதற்குக் கேரளத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இது.

2016இல் சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்ற மூன்றாம் பதிப்பில் பி. கே. சதானந்தன், கண்காட்சி நடந்த நாட்கள் முழுக்க ஆஸ்பின்வால் மாளிகைக்குள் ஒரு சுவரில் வரைந்துகொண்டே இருந்தார். கேரளக் கோயில் சுவரோவிய மரபு, இயற்கை நிறங்கள், 'பறயி பெற்ற பந்திருகுலம்' என்ற கேரளத் தொன்மக் கதை. பார்க்க வந்தவர்கள் முடிந்த படத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தார்கள். கல்லை அரைப்பதும் கோடு இழுப்பதும் நாள்கணக்கில் முதுகு வளைவதும் கலையின் பகுதியாகவே அங்கே தெரிந்தன. ஒரு கூலி உழைப்பின் நேரத்தை நவீனக் கூடத்துக்குள் கொண்டுவந்த காட்சியாக அதை நான் மதிக்கிறேன்.

இவை கூடத்துக்குள் நடந்தவை. தெருவின் கதை வேறு.

முதல் பினாலேயின்போது ஆஸ்திரேலிய ஓவியர் டேனியல் கானல், ஃபோர்ட் கொச்சிச் சுவர்களில் கரியால் பெரிய முகங்களை வரைந்தார். அவற்றில் ஒன்று உள்ளூர்த் தேநீர்க்காரர் ஒருவருடையது. அரசியல் தலைவரோ நடிகரோ தெய்வமோ இல்லாத ஒருவரின் முகம் அவ்வளவு பெரிதாகத் தெருவில் நின்றது. சில வாரங்களில் யாரோ அதைச் சிதைத்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் வரைந்தார் என்பதாலா, வரையப்பட்டவர் சாதாரணர் என்பதாலா, பினாலே மீதான எரிச்சலாலா என்று அப்போது பல விளக்கங்கள் எழுந்தன. விளக்கம் எதுவாயினும், கூடத்துக்குள் இருந்த எந்த முகத்துக்கும் அந்த ஆபத்து நேரவில்லை. காவலாளியும் நுழைவுச்சீட்டும் இல்லாத இடத்தில் ஒரு சாமானியரின் முகம் நிற்பதற்கு ஊரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பதே தெருக்கலையின் முதல் பாடம். ஓவியப் பள்ளிகள் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

2014க்குப் பிறகு 'கெஸ் ஹூ' என்ற புனைபெயரில் அடையாளம் மறைத்து வரைந்த ஸ்டென்சில் ஓவியங்கள் அதே தெருக்களில் தோன்றின. உலகப் புகழ் முகங்களுக்கு மலையாளத் தோற்றம் கொடுத்த அந்தச் சிறு படங்கள் மக்களுக்குப் பிடித்தன, செய்தித்தாள்களிலும் வந்தன. 2016இல் அர்ஜென்டினா எழுத்தாளர் செர்ஹியோ செஹ்ஃபெக்கின் நாவல் ஒன்று ஊர்ச் சுவர்களில் பகுதி பகுதியாக எழுதப்பட்டது. கருத்தளவில் அழகான முயற்சி. ஆனால் சுவரில் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை மட்டாஞ்சேரிச் சுமைதூக்கும் தொழிலாளி எந்த மூலையில் நின்று படித்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் இருப்பதனாலேயே ஒரு படைப்பு தெருவுக்கு உரியதாகிவிடுவதில்லை.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தெருச்சுவர் ஒருநாளும் வெறுமையாகக் கிடந்ததில்லை என்பதை இந்தப் புதிய கலை பல சமயம் மறந்துவிடுகிறது. தேர்தல் அறிவிப்புக்கு மாதங்கள் முன்பே சுண்ணாம்பு அடித்து, கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைக்கும் வழக்கம் இரு மாநிலங்களுக்கும் பொது. மூணாற்று மலையில் அந்தச் சுவரெழுத்து தமிழில் வருகிறது. வேட்பாளர் பெயரும் சின்னமும் வாக்குறுதியும் தமிழில். அரிவாள், சுத்தியல், கை, கதிர் எல்லாம் சில கோடுகளில் விழும். நீலமும் சிவப்பும் கலக்கும் விகிதமும் எழுத்தின் தடிமனும் மழைச்சாரலில் ஒரு பருவம் தாங்கும் வண்ணமும் அறிந்த சுவரெழுத்துக் கலைஞர்களின் கைத்தொழில் அது. ஃப்ளெக்ஸ் பேனர் அந்தத் தொழிலைப் பாதி விழுங்கிவிட்டது. லயத்துச் சுவர் தோட்டக் கம்பெனியின் சொத்து. குடியிருப்பவருக்கு அதில் ஆணியடிக்கும் உரிமைகூட முழுமையாக இல்லை. அந்தச் சுவரில் கட்சிக் கொடியையும் தொழிற்சங்கப் பெயரையும் எழுதுவது, தமக்குச் சொந்தமில்லாத இடத்தில் தம் குரலை வைப்பது. தெருக்கலை என்று உலகம் கொண்டாடுவதன் சாரமும் இதுவே. எந்த நகரக் கூடமும் இதைக் கலையாகக் கருதிச் சேகரித்ததாக நான் அறியேன்.

சென்னையின் அனுபவம் இங்கே உதவும். 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் தொடங்கி பல சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளுக்கும் கட்சி விளம்பரங்களுக்கும் தடை போட்டு, தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளையும் இயற்கைக் காட்சிகளையும் வரைய வைத்தது. வரைந்தவர்களில் பலர், டிஜிட்டல் பேனர் வந்து வேலை இழந்த சினிமா பேனர் ஓவியர்கள். டச்சு மானிடவியலாளர் ரூஸ் கெரிட்சன் ரசிகர் மன்றங்களின் படங்கள் பற்றிய தன் ஆய்வில் இந்தச் சுவர்களையும் ஆராய்ந்தார். தலைவர் முகங்களை அகற்றி அருவியும் கோபுரமும் வரைவது நகரத்தை 'உலகத் தரம்' ஆக்கும் திட்டத்தின் பகுதி என்று அவர் காட்டினார். கட்சியும் ரசிகனும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஓவியரே கூலிக்கு அமர்த்தப்பட்டு அந்த வேலையைச் செய்தார்.

2020இல் கண்ணகி நகரின் முறை வந்தது. நகரின் நடுவிலிருந்து குடிசைவாசிகளை அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே குடியேற்றிய மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று அது. ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, மாநகராட்சியோடும் ஒரு பெயிண்ட் நிறுவனத்தோடும் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை எழுப்பியது. சென்னையின் ஏ-கில், தமிழ்ப் பெண் ஓவியர் ஓஷீன் சிவா ஆகியோரின் சுவர்களும் அவற்றில் உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை கிடைக்காது என்ற நிலையில் வாழ்ந்த மக்கள், தங்கள் தெருவைப் பார்க்க வெளியூரார் வருவதைக் கண்டார்கள். அது சிறிய விஷயமில்லை. ஆனால் பெயிண்ட் சுவரின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரும் வேலையும் போக்குவரத்தும் உள்ளே இருக்கும் பிரச்சினைகள். 2021இல் இந்திரா நகர் ரயில் நிலையத்தில் ஏ-கில், கத்ரா இருவரும் வரைந்த 'நாம்' என்ற பொருளுள்ள ஓவியம் இன்னும் நேர்மையானது என்பது என் கருத்து. எச்ஐவியுடன் வாழ்பவர்களின் முகங்களை மற்றவர் முகங்களோடு கலந்து, யார் யார் என்று பிரித்தறிய முடியாதபடி வரிசையாக வரைந்தார்கள். தினமும் ரயிலேறுபவன் அந்த முகங்களைப் பார்த்துத் தன் முகத்தையும் அந்த வரிசையில் வைக்க நேர்கிறது. சுவர் அங்கே அலங்காரமாக நிற்கவில்லை, வேலை செய்கிறது.

கேரளத்தில் இந்தக் கேள்விகளை 1980களின் இறுதியிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். 1987இல் பரோடாவில் 'கேள்விகளும் உரையாடலும்' என்ற கண்காட்சியோடு தோன்றிய இந்திய ரேடிக்கல் ஓவியர் சிற்பியர் சங்கத்தில் பெரும்பாலோர் மலையாளிகள், கே. பி. கிருஷ்ணகுமார் அவர்களின் மையம். கலை வணிகப் பொருளாவதை அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1989இல் மும்பையில் நடந்த சோத்பி ஏலத்தை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தார்கள். பிறகு திருச்சூர் அருகே ஆலப்பாட்டில் கிராமத்து மக்களோடு கலை முகாம் நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், சங்கம் கலைந்தது. அந்தக் குழுவின் அறிக்கையை எழுதிய அனிதா துபே, 2018இல் பினாலேயின் நான்காம் பதிப்புக்குப் பொறுப்பாளரானார். பங்கேற்ற கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது அந்தப் பதிப்பின் சாதனை. அந்நியமாதல் இல்லாத வாழ்வுக்கான சாத்தியங்கள் என்பது அதன் கருப்பொருள். அந்தப் பதிப்பு முடிந்த பிறகு, கூடங்களைக் கட்டிய தொழிலாளர்களுக்குக் கூலி நிலுவை என்ற குற்றச்சாட்டு பொதுவெளியில் எழுந்தது. பினாலேயை நடத்தும் அறக்கட்டளை மறுப்பும் விளக்கமும் தந்தது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். உழைப்பைப் பேசும் கண்காட்சி தன்னைச் சுமந்த உழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கப்படுவது நல்லது.

2021இல் ஆலப்புழையில் நடந்த 'லோகமே தறவாடு' (உலகமே பூர்விக வீடு) கண்காட்சிக்கு வருகிறேன். பெருந்தொற்றுக்கு நடுவே, பழைய கயிற்றுத் தொழிற்கூடங்களில், போஸ் கிருஷ்ணமாச்சாரி 267 கலைஞர்களை ஒன்றுசேர்த்தார். பினாலே அறக்கட்டளை கேரளக் கலைக்குச் செய்த பெரும் தொண்டு அது. கயிறு திரித்தவர்கள் நின்ற இடத்தில் படங்கள் நின்றன. தேர்வின் அடிப்படை மலையாளி வேர். துபாயிலும் பரோடாவிலும் லண்டனிலும் வாழும் மலையாளி அந்த வீட்டுக்குள் வருகிறார், வர வேண்டியவர்தான். கேரள மண்ணிலேயே ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஓவியம் படித்தால் அவன் எந்த வீட்டைச் சேர்ந்தவன்? சென்னையின் குழுக் கண்காட்சிக்கு அவன் கேரளத்தான், கேரளத்தின் குழுக் கண்காட்சிக்கு அவன் தமிழன். குழுக் கண்காட்சி என்பது யார் நம்மவர் என்று ஒரு கூடம் செய்யும் அறிவிப்பு. அதனால்தான் தேர்வின் அளவுகோலை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

இதே மலைவாழ்வு இலங்கையில் கலையாகிவிட்டது. ஹட்டன் பக்கத் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடிகட்டியையும் தன் ஊடகமாக்கிக் கொண்டார். தாயின் உடல், லயன் அறையின் நெருக்கம், கறை இவையே அவர் வரைவன. அருள்ராஜ் உலகநாதன் போன்றோரும் அதே மலையிலிருந்து வந்து கொழும்பின் கூடங்களில் இடம்பிடித்தார்கள். 2023இல் மலையகத் தமிழர் தம் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, அந்த வரலாற்றைச் சொல்ல ஓவியர்களும் தயாராக இருந்தார்கள். கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் படைப்புகளின் விளக்கங்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வைக்கிறது. போரில் சிதைந்த ஒரு நாட்டின் அருங்காட்சியகத்தால் அது முடிகிறதென்றால் கொச்சியாலும் முடியும்.

மூணாற்று மலையில் வரைய வேண்டியது நிறைய இருக்கிறது. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தம் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு மூணாற்றுச் சாலையில் ஒன்பது நாள் அமர்ந்து 20 விழுக்காடு போனஸை வென்றார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தமிழர். மூணாற்றின் தேயிலை அருங்காட்சியகத்தில் 1913ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரத்தையும் பழைய இயந்திரங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், நல்லது. அந்த இயந்திரத்துக்குக் கொழுந்து கொண்டுவந்த கையின் வரலாற்றுக்கும் அதே அளவு இடம் வேண்டும்.

கைத்திறன் இல்லாத ஊர் இல்லை இது. மாட்டுப்பட்டிச் சாலையிலேயே இருக்கும் சிருஷ்டி வளாகத்தின் ஆரண்யா பிரிவில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் யூகலிப்டஸ் இலையிலும் தேயிலைக் கழிவிலும் சாயமெடுத்துத் துணிகளை நிறமேற்றுகிறார்கள். முடிச்சிட்டும் மடித்தும் சாயத்தில் தோய்க்கும் அந்தத் துணிகளில் ஒரு ஓவியருக்குரிய தேர்வு இருக்கிறது: எவ்வளவு மடிப்பு, எந்த இலை, எத்தனை முறை தோய்ப்பு. வாங்குபவர்கள் அதை அழகான சேலை என்றும் நல்ல காரியம் என்றும் சொல்கிறார்கள். ஒரு காட்சிக்கூடத்தின் வெண்சுவரில் செய்தவரின் பெயரோடு தொங்கினால் அதே துணி வேறுவிதமாகப் பார்க்கப்படும்.

அணைக்கரைக் கடைகளின் பின்சுவர்களும் எஸ்டேட் பள்ளிகளின் சுற்றுச்சுவர்களும் மூணாற்றுப் பேருந்து நிலையச் சுவரும் இன்றைக்கு விளம்பரங்களுக்கும் யானை, புலிப் படங்களுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. வரையாட்டையும் குறிஞ்சியையும் சுற்றுலாப் பயணிக்காக வரைவதில் தவறில்லை. இங்கே வாழ்கிறவர்களை அழித்துவிட்டு வரைந்தால்தான் தவறு.

பினாலேயும் தர்பார் ஹாலை நடத்தும் கேரள லலிதகலா அகாதெமியும் மாநில அரசின் பணமும் பெற்று நடப்பவை. அந்தப் பணத்தில் மலைத் தொழிலாளியின் வரியும் உண்டு. ஆகவே பின்வருவனவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை. பினாலேயின் குழந்தைகள் கலைத் திட்டமும் மாணவர் பினாலேயும் தேவிகுளம் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு வர வேண்டும். அடுத்த பதிப்பின் காட்சிக்கூடங்களில் ஒன்றேனும் மூணாற்றில் அமைய வேண்டும். விளக்கப் பலகைகளில் தமிழும் வேண்டும். சுவரெழுத்துக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து, உரிய கூலி கொடுத்து, அவர்கள் பெயரிலேயே தர்பார் ஹாலில் ஒரு குழுக் கண்காட்சி நடத்த வேண்டும். மலையில் பிறந்து ஓவியம் பயிலும் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்களே, அவர்களின் படைப்புகளை இப்போதே அகாதெமிக்கு அனுப்பத் தொடங்குங்கள். விண்ணப்பம் போகாத வரை இடமில்லை என்று சொல்வது அகாதெமிக்கு எளிது.